நிகழ்நேர ஒலிச் செயலாக்கத்திற்கான கணினி வன்பொருள்

நிகழ்நேர ஒலிச் செயலாக்கம் என்பது ஒலிவாங்கி அல்லது இசைக்கருவி வழியாக வரும் ஒலியை, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கணினியைக் கொண்டு மாற்றியமைத்து உடனுக்குடன் வெளியிடுவது ஆகும். மின்கிதாரின் ஒலிக்கு விளைவுகள் சேர்த்தல், பாடகரின் குரலுக்கு எதிர்முழக்கம் சேர்த்தல், விசைப்பலகையை அழுத்தியவுடன் மென்பொருள் இசைக்கருவியை ஒலிக்கச் செய்தல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர், ஆர்டர், ஏபில்டன் லைவ் முதலியன இப்பணிக்குப் பயன்படும் மென்பொருள்களுள் சில.

இத்தகைய மென்பொருளை இயக்கும் கணினி, ஒவ்வொரு முறையும் குறித்த நேரத்திற்குள் வேலையைத் தவறாமல் முடிக்க வேண்டும். சராசரியில் மிக விரைவாக இயங்கும் கணினியும், எப்போதாவது ஒருமுறை சில மில்லிநொடிகள் தயங்கினால் ஒலி அறுபடும். எனவே இப்பணிக்கான வன்பொருளை மதிப்பிடும்போது அதன் சராசரி வேகத்தைவிட, அது எடுத்துக்கொள்ளக்கூடிய மிகக் கூடிய தாமதமே முதன்மையாகக் கருதப்படுகிறது.

இடையகமும் காலக்கெடுவும்

எண்ணிம ஒலி என்பது ஒலி அலையைச் சம கால இடைவெளிகளில் அளந்து பெறப்படும் எண்களின் வரிசை ஆகும். இவ்வெண் ஒவ்வொன்றும் மாதிரி எனவும், ஒரு நொடியில் எடுக்கப்படும் மாதிரிகளின் எண்ணிக்கை மாதிரி வீதம் எனவும் அழைக்கப்படும். இசைக் குறுவட்டின் மாதிரி வீதம் 44,100. ஒலிப்பதிவிலும் நிகழ்படத்திலும் 48,000 பரவலாகப் பயன்படுகிறது.

பொதுவான கணினிகள் மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாதிரிகள் இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் சேர்ந்ததும், ஒலியட்டை செயலிக்குக் குறுக்கீடு ஒன்றை அனுப்பும். அடுத்த இடையகம் நிறைவதற்குள் முந்தையதைச் செயலாக்கி வெளியீட்டிற்கு அனுப்பிவிட வேண்டும். மாதிரி வீதம் 48,000 எனின், இடையகத்தின் அளவுக்கேற்பச் செயலிக்குக் கிடைக்கும் நேரம் பின்வருமாறு:

64 மாதிரிகள் – 1.33 மில்லிநொடி
128 மாதிரிகள் – 2.67 மில்லிநொடி
256 மாதிரிகள் – 5.33 மில்லிநொடி
512 மாதிரிகள் – 10.67 மில்லிநொடி
1024 மாதிரிகள் – 21.33 மில்லிநொடி

இக்காலக்கெடு தவறினால் வெளியீட்டிற்குரிய ஒலி இல்லாது போகும். கேட்பவருக்கு அது ‘டிக்’ என்ற ஓசையாகவோ கரகரப்பாகவோ கேட்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்பகுதியை மீண்டும் இசைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். மேடை நிகழ்ச்சியில் அதைத் திருத்த வழியில்லை.

இடையகத்தைப் பெரிதாக்கினால் துண்டிப்புகள் குறையும். ஆனால் தாமதம் கூடும். ஒலி உள்ளே வருவதற்கு ஒன்றும் வெளியே செல்வதற்கு ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு இடையகங்களின் நேரம் செலவாகிறது. 256 மாதிரிகள் கொண்ட இடையகத்திற்கு இது 10.67 மில்லிநொடி. இதனுடன் ஒலியட்டையில் உள்ள மாற்றிகளின் தாமதமும் சேரும். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்வதால், 10.67 மில்லிநொடி என்பது சுமார் 3.7 மீட்டர் தொலைவில் உள்ள ஒலிபெருக்கியைக் கேட்பதற்கு ஒப்பாகும். பெரும்பாலான இசைக்கலைஞர்கள் இதற்குப் பழகியவர்களே. 1024 மாதிரிகள் எனின் தாமதம் 42 மில்லிநொடியைக் கடந்து, தாளம் பிசகாமல் வாசிப்பதே கடினமாகிவிடும். ஹெட்போன் அணிந்து பாடுபவருக்குத் தம் குரல் எலும்பு வழியாகத் தாமதமின்றிக் கேட்பதால், மிகச் சிறிய தாமதமும் குரலின் தன்மை மாறியது போன்ற உணர்வைத் தரும்.

வரலாறு

1957 ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் ஐபிஎம் 704 கணினிக்கென எழுதிய மியூசிக் என்னும் நிரல் நிகழ்நேரத்தில் இயங்கியதன்று. கணினி கணக்கிட்ட எண்கள் காந்த நாடாவில் சேமிக்கப்பட்டு, பின்னர் ஒலியாக மாற்றப்பட்டன. நிகழ்நேரச் செயலாக்கத்திற்கு நெடுங்காலம் தனிச்சிறப்பு வாய்ந்த வன்பொருள் தேவைப்பட்டது. பாரிசில் உள்ள இர்க்காம் ஆய்வு நிறுவனத்தில் ஜுசெப்பே டி ஜுன்யோ உருவாக்கிய 4எக்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1981 இல் அரங்கேறிய பியேர் பூலேசின் ‘ரெபோன்’ என்னும் இசைப்படைப்பில் இது பயன்பட்டது.

1990களில் தனிமேசைக் கணினிகளின் செயலிகள் இப்பணிக்குப் போதிய திறன் பெற்றன. ஸ்டெயின்பர்க் நிறுவனம் 1996 இல் விஎஸ்டி என்னும் செருகுநிரல் முறைமையையும், 1997 இல் ஆசியோ என்னும் ஒலி இயக்கி முறைமையையும் வெளியிட்டது. தனி வன்பொருள் இன்றிச் சாதாரணக் கணினியிலேயே ஒலி விளைவுகளை நிகழ்நேரத்தில் இயக்கும் வழக்கம் இவற்றால் பரவியது.

வன்பொருள் உறுப்புகள்

செயலி

3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு, மாதிரி வீதம் 48,000 ஆக இருக்கையில், ஒரு மாதிரிக்கு 62,500 கடிகாரச் சுற்றுகள் கிடைக்கின்றன. எளிய விளைவுகளுக்கு இது மிகுதியே. பெருஞ்சுமை தருபவை மென்பொருள் இசைக்கருவிகளும் நீண்ட எதிர்முழக்கங்களும் ஆகும்.

ஒரே ஒலித்தடத்தில் அடுத்தடுத்து அமையும் விளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே கணக்கிட வேண்டும். ஏனெனில் ஒன்றின் வெளியீடே அடுத்ததன் உள்ளீடு. ஆகவே பல்கருச் செயலி வெவ்வேறு தடங்களைப் பகிர்ந்து செய்ய உதவினாலும், ஒரு நீண்ட விளைவுத் தொடருக்கு ஒற்றைக் கருவின் வேகமே எல்லையாக அமைகிறது.

மின்சேமிப்பு வசதிகளும் கருத்தில் கொள்ளத்தக்கவை. வேலை குறைந்தபோது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது உறக்க நிலைக்குச் செல்லும். மீண்டும் முழு வேகத்திற்குத் திரும்பச் சிறிது நேரம் ஆகும். மடிக்கணினி சூடேறும்போதும் வேகம் தானே குறையும். தொடக்கத்தில் சரியாக இயங்கிய அமைப்பு, ஒரு மணி நேரத்திற்குப் பின் துண்டிப்புகளைத் தருவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு சிக்கல் இசை நின்ற பின்னர் தோன்றும். எதிர்முழக்கம் தேய்ந்து மறைகையில் கணக்கீட்டு எண்கள் சுழியத்திற்கு மிக அருகில் சென்றுவிடும். இத்தகைய மிகச் சிறிய மிதவைப் புள்ளி எண்களைக் கணக்கிடப் பல செயலிகள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்துக்கொள்வதால், அமைதியான பகுதியிலேயே செயலியின் சுமை திடீரென உயரும். அவ்வெண்களைச் சுழியமாகவே கொள்ளுமாறு செயலிக்கு ஆணையிடுவது வழக்கமான தீர்வாகும்.

நினைவகமும் வன்தட்டும்

நினைவகம் போதாதபோது இயக்குதளம் அதன் ஒரு பகுதியை வன்தட்டிற்கு மாற்றும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு முறை சுற்றவே 8.33 மில்லிநொடி ஆகும். 256 மாதிரிகளுக்கான காலக்கெடு 5.33 மில்லிநொடி மட்டுமே என்பதால், ஒலிக்கு வேண்டிய தரவு ஒருமுறை வன்தட்டிற்குச் சென்றுவிட்டாலும் துண்டிப்பு ஏற்படக்கூடும். இதனைத் தவிர்க்க, ஒலி மென்பொருள்கள் தமக்குரிய பகுதியை நினைவகத்திலேயே பூட்டி வைக்கின்றன.

இசைக்கருவிகளின் பதிவுசெய்த ஒலிகளைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குக் கூடுதல் நினைவகம் தேவை. அவற்றுள் பல, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கப் பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கையில் எஞ்சிய பகுதியை வட்டிலிருந்து படிக்கின்றன. திண்ம நிலை வட்டுகள் இவ்வகைப் பயன்பாட்டைப் பெரிதும் எளிதாக்கியுள்ளன.

ஒலியட்டையும் இணைப்பும்

24 பிட்டு, 48,000 மாதிரி வீதம், 16 தடங்கள் ஆகியவற்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 2.3 மெகாபைட்டு தரவே செல்கிறது. 2000 ஆம் ஆண்டில் வெளியான யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட்டு, அதாவது 60 மெகாபைட்டு கொள்ளளவு உடையது. எனவே இணைப்பின் கொள்ளளவு பெரும்பாலும் தடையாவதில்லை. ஒலியட்டையின் இயக்கி எவ்வளவு சிறிய இடையகத்தைத் தடுமாறாமல் கையாள்கிறது என்பதே ஒரு கருவியிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்துகிறது.

இரண்டு ஒலியட்டைகளை ஒருங்கே பயன்படுத்தும்போது அவற்றின் கடிகாரங்கள் மிகச் சிறிதளவேனும் வேறுபடும். நாளடைவில் மாதிரிகளின் எண்ணிக்கை பொருந்தாமல் துண்டிப்பு ஏற்படும். ஆகவே பல உள்ளீடுகள் தேவைப்படின், அத்தனையையும் கொண்ட ஒரே ஒலியட்டையைப் பயன்படுத்துவது அல்லது கடிகாரங்களைக் கம்பிவழி இணைப்பது வழக்கம்.

இயக்குதளமும் இயக்கிகளும்

வன்பொருளின் திறன் ஒலி மென்பொருளைச் சென்றடைவது இயக்குதளத்தின் வழியாகவே. விண்டோசில் ஆசியோ, மாக் இயக்குதளத்தில் கோர் ஆடியோ, லினக்ஸில் ஆல்சா, ஜாக், பைப்வயர் ஆகியன இப்பணிக்குப் பயன்படுகின்றன. லினக்ஸ் கருனிக்கான நிகழ்நேர ஒட்டு நெடுங்காலம் தனியாகப் பேணப்பட்டு வந்து, 2024 இல் வெளியான 6.12 பதிப்பில் முதன்மைக் கருனியுடன் இணைந்தது.

ஒலிக்குத் தொடர்பற்ற வன்பொருளும் ஒலியைக் குலைக்கக்கூடும். கம்பியில்லா வலையமைப்பு அட்டை, வரைகலை அட்டை முதலியவற்றின் இயக்கிகள் செயலியை நெடுநேரம் பிடித்து வைத்தால், ஒலிக்கான பணி காத்திருக்க நேரிடும். தாய்ப்பலகையின் நிலைபொருள் உருவாக்கும் சில குறுக்கீடுகள் இயக்குதளத்தின் கட்டுப்பாட்டிற்கும் அப்பாற்பட்டவை.

எடுத்துக்காட்டு: பெலா

இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான பெலா என்னும் கருவி, 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய ஒற்றைக் கருச் செயலி கொண்ட பீகிள்போன் பிளாக் பலகையை அடிப்படையாகக் கொண்டது. இதன் செயலி இன்றைய மடிக்கணினிகளின் செயலியைவிடத் திறன் குறைந்தது. ஆயினும் ஒலிக்கான பணி லினக்ஸ் கருனியைவிட முன்னுரிமை பெறுமாறு ஜெனோமாய் முறைமை இதில் அமைந்துள்ளதால், சில மாதிரிகளே கொண்ட இடையகத்துடன் ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த தாமதத்தில் இயங்க வல்லது. பெருஞ்சுமை தரும் மென்பொருள் இசைக்கருவிகள் பலவற்றை ஒருங்கே இயக்க இக்கருவி ஏற்றதன்று.

தேர்வும் சோதனையும்

கணினி ஒன்றை இப்பணிக்குத் தேர்ந்தெடுப்போர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

பயன்படுத்தவுள்ள இயக்குதளத்திற்கு நிலையான இயக்கி உள்ள ஒலியட்டையை முதலில் தெரிவு செய்தல்.
கையிலுள்ள கணினியைச் சோதித்த பின்னரே புதியதை வாங்குவது பற்றி முடிவு செய்தல். பல வேளைகளில் ஒலியட்டையை மாற்றுவதே போதுமானதாகும்.
மின்சேமிப்பு வசதிகளையும் கம்பியில்லா வலையமைப்பையும் நிறுத்தி வைத்துச் சோதித்தல்.
ஒலியட்டையைப் பிற கருவிகளுடன் பகிராமல் கணினியின் யுஎஸ்பி துளையில் நேரடியாக இணைத்தல்.

விண்டோசில் லேட்டன்சிமான், லினக்ஸில் சைக்ளிக்டெஸ்ட் போன்ற நிரல்கள் கணினியின் மிகக் கூடிய தாமதத்தை அளக்க உதவுகின்றன. ஜாக் தவறிய காலக்கெடுக்களை அவ்வப்போது அறிவிக்கும். இச்சோதனைகளைச் சில நிமிடங்கள் மட்டும் செய்தால் அரிதாக நேரும் தயக்கங்கள் தென்படாமல் போகலாம். எனவே நிகழ்ச்சியில் பயன்படவுள்ள அதே மென்பொருளையும் இடையக அளவையும் கொண்டு, நிகழ்ச்சியின் முழு நேரத்திற்கும் கணினியை இயக்கிப் பார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது.