முகில்களில் எழுதிய துயரம்

கண்ணெதிரே உள்ளதைப் பதிவு செய்வதே ஒளிப்படத்தின் பணி, உள்ளத்தை எழுதும் உரிமை ஓவியனுக்கே உரியது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பலர் கருதினர். திருமண வீட்டிலும் இழவு வீட்டிலும் மட்டுமே ஒளிப்படத்தைச் சந்தித்துப் பழகிய நம்முள் பலருக்கும் அக்கருத்து உண்டு. அதை அசைத்துப் பார்த்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ்.

1864-இல் அமெரிக்காவின் ஹொபோக்கன் நகரில் பிறந்த அவர், ஒளிப்படம் கலையே என்பதை நிலைநாட்ட இதழ் நடத்தியும் காட்சிக்கூடம் அமைத்தும் பாடுபட்டவர். 1922-ஆம் ஆண்டுக் கோடையில், தம் 58-ஆம் அகவையில், நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரைக் குடும்பப் பண்ணையில் தங்கியிருந்தார். தாயார் சாவை நெருங்கிக்கொண்டிருந்தார். பண்ணையும் சீரழிந்துகொண்டிருந்தது. முப்பத்தேழு வயதுக் குதிரை ஒன்றை எழுபது வயது வண்டிக்காரர் எப்படியோ உயிரோடு வைத்திருந்தார். நாடெங்கும் செஸ்ட்நட் மரங்கள் நோயால் பட்டுப்போயின. இவற்றையெல்லாம் மறு ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவரே எழுதியுள்ளார்.

அந்நாளில் எழுத்தாளர் ஒருவர், ஸ்டீக்லிட்ஸின் படங்களுக்குள்ள ஆற்றல், தம்மெதிரே அமர்வோரை அவர் வசியப்படுத்துவதால் வருவது என்று எழுதியிருந்தார். இது அவரைச் சுட்டது. எவர் வசியத்துக்கும் அடங்காத பொருள் ஒன்றை நாடினார். முகில்கள் எல்லார்க்கும் பொது. அவற்றுக்கு வரியும் இல்லை என்று அவர் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

முகிலைப் படம் பிடிப்பது எளிதன்று. பழைய தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியும் வசப்பட்டமையால் வானம் வெற்று வெள்ளையாகிவிடும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் பரவியபின் இத்தடை தளர்ந்தது. முதல் வரிசைக்கு ‘இசை’ என்றே பெயரிட்டார். பின்னர் ‘வானத்தின் பாடல்கள்’. 1925 முதல் ‘ஈக்குவிவலன்ட்ஸ்’, அதாவது நிகரானவை. உள்ளத்தில் நிகழ்ந்ததற்கு இப்படம் நிகர் என்பதே அதன் பொருள். 1930-களிலும் தொடர்ந்த இப்படங்களில் பல உள்ளங்கையளவே; வானம் ஏறத்தாழ கருமையாகவே இருக்கும். தொடுவானம் இல்லை, மரம் இல்லை. மேல் எது, கீழ் எது என்பதும் தெரியாது. ஒரே படத்தைத் திசை மாற்றி ஒட்டியும் வைத்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. தாயின் நோயை அறியாதவன் அம்முகில்களில் அத்துயரைக் காண்பானா? காணமாட்டான் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் ‘இது என் தாய்க்கான அழுகை’ என்று அவர் படத்தின்கீழ் எழுதி ஒட்டவில்லை. எழுதியிருந்தால் நாம் இரங்கிவிட்டு அகன்றிருப்போம். எழுதாமையால் பார்ப்பவன் தன் துயரோடு அங்கு நிற்க இடம் கிடைக்கிறது. சொல்லற்ற இசை செய்வதும் இதையே. அவர் இசையின் பெயரை நாடியது வீண் அலங்காரம் அன்று.

இக்கருத்தை வளர்த்தவர் மைனர் வைட். 1943-இல், இராணுவப் பணியில் இருந்தபோது, கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். பின்னர் கிழக்கத்திய ஞானநெறிகளையும் நாடிச் சென்றார். 1952-இல் தோன்றிய ‘அப்பர்ச்சர்’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. சன்னல் பனியிலும் பாறைப் பிளவிலும் அவர் தேடியது இந்த நிகரையே. 1946-இல் முதியவர் ஸ்டீக்லிட்ஸை நியூயார்க்கில் கண்டு, தம்மால் இனிப் படமெடுக்க இயலுமா என்ற கலக்கத்தை வெளியிட்டார். கருவியைப் பற்றியோ தகட்டைப் பற்றியோ பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. நீ எவரையேனும் நேசித்ததுண்டா என்றுதான் கேட்டார். உண்டு என்றதும், அப்படியானால் உன்னால் இயலும் என்றார்.

அவ்வாண்டு ஜூலையில் ஸ்டீக்லிட்ஸ் மறைந்தார். அவரது சாம்பலை ஜார்ஜ் ஏரிக்கரையில், ஒரு மரத்தடியில் புதைத்தனர்.