அரியத்தின் முகத்தில் தெரிந்த பட்டிகள்

கண்டாவளையிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்த எங்களில் கனபேருக்குப் பௌதிகவியல் என்றாலே அது வேற ஆக்களின்ர பாடம். உயர்தரத்தில் அதைப் படிப்பிக்க ஆசிரியர் இல்லை, ஆகவே கலைப்பிரிவு. நாங்கள் தெரிவு செய்தது என்று ஒண்டும் இல்லை. அதனாலயோ என்னவோ, ஒளி அலைதான் என்று நிறுவப்பட்ட கதையை இப்ப வரலாறாக வாசிக்கேக்க கொஞ்சம் கோபமும் வருது.

ஒளி துணிக்கைகளால் ஆனது என்றார் நியூற்றன். அது அலை என்று ஹைகன்ஸ் 1690இல் எழுதியும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கொள்கை எடுபடவில்லை. நியூற்றனின் பெயர் அவ்வளவு பெரிது. பிறகு தோமஸ் யங்கும் பிரெனெலும் வந்துதான் நிலைமை மாறியது. யங் ஒரு வைத்தியர். பிரெனெல் வீதி போடுகிற பொறியியலாளர்.

நாங்கள் கனநேரம் நின்ற இடம் 1906, சென்னை மாநிலக் கல்லூரி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் அங்கே முதுகலை மாணவன். திருசியமானியில் அரியத்தின் கோணத்தை அளக்கிறது வழமையான செய்முறைதான். வாசிப்பை எழுதிப்போட்டு எழும்பிப் போறதுதான் எல்லாரும் செய்யிறது. இராமன் எழும்பவில்லை. அரியத்தின் முகத்தில் ஒளி மிகச் சரிவாக விழுந்தபோது இருளும் ஒளியுமாகப் பட்டிகள் தெரிந்தன. அவ்வளவு சரிவில் அந்த முகம் ஒடுங்கிய பிளவு மாதிரி வேலை செய்யும், அலை அதன் விளிம்பில் வளைந்து பரவும். இதைத்தான் கோணல் என்கிறம். நேராக விழும் ஒளி என்றால் நடுவின் இரு பக்கமும் பட்டிகள் ஒத்திருக்கும். இங்கே ஒத்திருக்கவில்லை. ஏன் என்று அளந்து, கணக்குப் போட்டு எழுதினார். லண்டனின் பிலசோபிக்கல் மகசின் இதழில் 1906 நவம்பரில் கட்டுரை வந்தது. அந்த மாதம் 7ஆந் திகதிதான் அவருக்கு 18 வயது நிரம்பியது.

1928இன் இராமன் விளைவு, 1930இன் நோபல் எல்லாம் பிறகு. அந்த விளைவு ஒளியைச் சிப்பங்களாகப் பார்க்கத்தான் கூடுதலாக உதவியது என்பது ஒரு வேடிக்கை. ஆனாலும் 1935இல் நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, திரவத்தில் ஓடும் மீயொலியால் ஒளி எப்படிக் கோணலடைகிறது என்று எழுதி அலைக்கே திரும்பி வந்தார்.

மேதை என்று சொல்லிப்போட்டுப் போகலாம். அவரின் தகப்பன் பௌதிகமும் கணிதமும் படிப்பித்த விரிவுரையாளர். வீட்டில் புத்தகம் இருந்தது. கல்லூரி மேசையில் திருசியமானி இருந்தது. எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்து அலுமாரி பூட்டியே கிடந்தது, உள்ளே என்ன இருந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

களப்பில் நட்ட தடிகளைச் சுத்திச் சிற்றலை வளைந்து போறதைச் சின்னனிலிருந்தே பார்த்திருக்கிறம். அதுக்கும் பேர் கோணல்தான் எண்டு போன மாதம்தான் தெரிஞ்சது.