ஒரு மில்லிமீட்டரின் வரலாறு: சொந்த லென்ஸும் இரவல் லென்ஸும்

1950ஆம் ஆண்டு, கொரியப் போர் மூள்வதற்குச் சற்று முந்தைய நாட்கள். ‘லைஃப்’ இதழின் ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் தங்கியிருந்தார். அவ்விதழுக்காகப் பணியாற்றிய இளம் ஜப்பானியக் கலைஞர் ஜுன் மிக்கி அவரை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினார். படத்தின் துல்லியம் டங்கனை வியப்பில் ஆழ்த்தியது. அதை எடுத்த லென்ஸ் ஜெர்மானியத் தயாரிப்பு அன்று; ‘நிப்பான் கோகாக்கு’ என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் 85 மி.மீ. நிக்கார் லென்ஸ். டங்கன் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைக்கே சென்று, அதன் லென்ஸ்களைத் தம்முடைய ஜெர்மானிய லென்ஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தம் லைக்கா கேமராக்களில் நிக்கார் லென்ஸ்களைத் திருகிக்கொண்டு போர்முனைக்குப் புறப்பட்டார். கொரியப் போரின் மறக்கவியலாத படங்கள் பல அவ்வாறு உருவானவை. அவ்வாண்டு டிசம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இச்செய்தியை வெளியிட்டபோது, ஜப்பானிய ஒளியியல் தொழிலின் மீது உலகத்தின் பார்வை திரும்பியது.

ஒரு நிறுவனத்தின் கேமராவில் மற்றொரு நிறுவனத்தின் லென்ஸ். இன்று மிரர்லெஸ் கேமரா வாங்குவோர் அனைவரும் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். அக்கேமராவுக்கென்றே வடிவமைக்கப்பட்ட சொந்த லென்ஸை வாங்குவதா? வேறொரு கேமராவுக்காகச் செய்யப்பட்ட லென்ஸை அடாப்டர் வழியாக இரவல் பெறுவதா? இதனை வெறும் விலைக்கணக்காகக் கருதுவோர் உண்டு. ஆயினும் இக்கேள்விக்குப் பின்னே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை இயக்கியவை இரண்டு: ஒன்று, சில மில்லிமீட்டர் தொலைவு, மற்றொன்று, கேமராவும் லென்ஸும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. தொலைவு திறந்துவிட்ட கதவை மொழி பலமுறை அடைத்திருக்கிறது.

முதலில் தொலைவு. கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்தின் விளிம்பிலிருந்து படச்சுருள் அல்லது சென்சார் வரை உள்ள இடைவெளியை விளிம்புத் தொலைவு எனலாம். எந்த லென்ஸும் ஒரு குறிப்பிட்ட விளிம்புத் தொலைவுக்கென்றே கணக்கிடப்படுகிறது. அத்தொலைவு சற்றுக் கூடினாலும் தொடுவானம் தெளிவாக விழாது.

இதனைத் தொடக்கத்தில் நன்கு உணர்ந்தவர்கள் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தார். ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா, 1925இல் கழற்றவியலாத லென்ஸோடு விற்பனைக்கு வந்தது. 1930இல் லென்ஸை மாற்றும் வசதி வந்தபோதும் ஒவ்வொரு கேமராவுக்கும் அதற்கெனச் சரிசெய்யப்பட்ட லென்ஸ்களே பொருந்தின. ஒரே நிறுவனம், ஒரே திருகு. ஆயினும் ஒரு லைக்காவின் லென்ஸ் இன்னொரு லைக்காவுக்கு அந்நியம். 1931இல்தான் விளிம்புத் தொலைவு 28.8 மி.மீ. என நிலைப்படுத்தப்பட்டது, அவ்வாறு நிலைப்படுத்தப்பட்ட கேமராக்களின் வளையத்தில் சுழியம் ஒன்று பொறிக்கப்பட்டது. எந்த லென்ஸும் எந்த உடலிலும் பொருந்தும் என்பதற்கு அச்சிறு சுழியமே உறுதிமொழி.

நிலையான அளவு என்பது பிறரும் பின்பற்றக்கூடிய அளவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியக் காப்புரிமைகள் செல்லாதவையாயின. 39 மி.மீ. குறுக்களவு கொண்ட லைக்காத் திருகு சோவியத் ஒன்றியம் முதல் ஜப்பான் வரை ஏறத்தாழப் பொதுச்சொத்தானது. டங்கன் தம் லைக்காவில் நிக்கார் லென்ஸைத் திருக முடிந்ததன் காரணமும் இதுவே. இடையில் எந்த அடாப்டரும் அவருக்குத் தேவைப்படவில்லை.

1954இல் லைட்ஸ் நிறுவனம் எம்3 என்னும் புதிய கேமராவை வெளியிட்டுத் திருகைக் கைவிட்டது. புதிய வளையத்தின் விளிம்புத் தொலைவு 27.8 மி.மீ.; பழையதைவிடச் சரியாக ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய வளையம் ஒன்று அமர்ந்தது. அதன் வழியே பழைய திருகு லென்ஸ்கள் யாவும் புதிய கேமராவில் பழுதின்றி இயங்கின. புதியதை விற்க விரும்பிய நிறுவனமே பழையதன் உரிமையாளரையும் மதித்ததற்கு இவ்வளையம் சான்று. அடாப்டரின் அடிப்படை விதியும் இதற்குள் அடங்கியிருக்கிறது: கேமராவின் விளிம்புத் தொலைவு லென்ஸ் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தால், எஞ்சிய இடத்தை வெற்று உலோகத்தால் நிரப்பிவிடலாம். மிகுதியாக இருந்தாலோ கண்ணாடி சேர்க்காமல் வேறு வழியில்லை.

அடுத்து வந்த அரை நூற்றாண்டு, நடுவே ஓர் ஆடியை வைத்த எஸ்.எல்.ஆர். கேமராக்களின் காலம். லென்ஸ் காண்பதையே கண்ணும் காண வேண்டுமாயின் படச்சுருளுக்கு முன் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடி வேண்டும். அது மேலெழுந்து தாழ இடமும் வேண்டும். ஆகவே விளிம்புத் தொலைவு நீண்டது. எம்42 என்னும் திருகு வகைக்கு 45.46 மி.மீ.; 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கு 46.5 மி.மீ. இதனால் மிகுந்த இடர்ப்பாட்டுக்கு உள்ளானவை அகலக் கோண லென்ஸ்கள். இயல்பாகப் படச்சுருளை ஒட்டி அமர வேண்டிய அவற்றை ஆடி பின்னுக்குத் தள்ளியது. பிரான்சின் ஆஞ்சனியூ நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘ரெட்ரோஃபோகஸ்’ வடிவம் இதற்கு விடையாயிற்று. எனினும் லென்ஸ் பெருத்தது. நிக்கான் எஃப் கேமராவுக்கு முதலில் வந்த 21 மி.மீ. லென்ஸின் பின்பகுதி கேமராவுக்குள் ஆழமாக நீண்டிருந்தது. அதைப் பொருத்துவதற்கு முன் ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவிட வேண்டும்; காட்சியைக் காணத் தனியொரு கண்ணி வேண்டும். ஆடியுள்ள கேமரா ஒன்று ஆடியில்லாக் கேமராவாக நடித்த தருணம் அது.

இனி மொழி. 1985இல் மினோல்டா தானியங்கிக் குவியத்தோடு கூடிய 7000 மாதிரியை வெளியிட்டுத் தன் பழைய வளையத்தைத் துறந்தது. 1987இல் கேனன் இன்னும் ஒரு படி சென்றது. எஃப்.டி. வளையத்தை முற்றிலும் நீக்கி, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பு மட்டுமே கொண்ட இ.எஃப். வளையத்தைக் கொணர்ந்தது. பழைய எஃப்.டி. வகையின் விளிம்புத் தொலைவு 42 மி.மீ.; புதியதற்கு 44 மி.மீ. வெற்று உலோக அடாப்டருக்கு வழியில்லை. எஃப்.டி. லென்ஸ்களில் ஆண்டுக்கணக்கில் பொருளிட்டவர்கள் ஒரே நாளில் அநாதைகளாயினர். நிக்கான் மாறாகத் தன் பழைய வளையத்தையே பல திருத்தங்களோடு காத்துக்கொண்டது. தொழில்நுட்ப நோக்கில் கேனன் செய்தது தொலைநோக்கு. பயனர் நோக்கில் அது கைவிடல். இரண்டும் ஒருசேர உண்மை.

அநாதைகளுக்கு மறுவாழ்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2008இல் பானசோனிக் ஜி1 வழியாக மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறை அறிமுகமானது. ஆடி போயிற்று, விளிம்புத் தொலைவு 20 மி.மீ.க்கும் குறைந்தது. 2010இல் சோனியின் இ வளையம் 18 மி.மீ. தொலைவோடு வந்தது, அடுத்த ஆண்டே அவ்வளையத்தின் அடிப்படை விவரங்களைச் சோனி பிற தயாரிப்பாளருக்குக் கட்டணமின்றி வழங்கியது. 2013இல், 35 மி.மீ. படச்சுருளுக்கு நிகரான சென்சாரோடு ஏ7 வெளியானது. ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸ்களின் விளிம்புத் தொலைவும் 18ஐ விட மிகுதி. ஆகவே எம்42 லென்ஸுக்கு 27.46 மி.மீ., கேனன் எஃப்.டி.க்கு 24 மி.மீ. நீளமுள்ள வெற்றுக்குழாய் போதுமானதாயிற்று. இ.எஃப். கேமராவில் இடமில்லாத எஃப்.டி. லென்ஸ்கள், கால் நூற்றாண்டுக்குப் பின் போட்டி நிறுவனத்தின் கேமராவில் குடியேறின. சோவியத் ஸெனித் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸின் சுழலும் பின்னணி புதிய தலைமுறையின் ரசனையாயிற்று. மின்திரையில் காட்சியைப் பெரிதாக்கிக் குவியம் பார்க்கும் வசதி கைமுறைக் குவியத்தை மீண்டும் இயலக்கூடிய செயலாக்கியது.

எனினும் இரவலுக்கு ஒரு விலை உண்டு. படச்சுருளின் முன் கண்ணாடி கிடையாது. சென்சாரின் முன் வடிகட்டிக் கண்ணாடி உண்டு. சாய்வாக வரும் ஒளி அக்கண்ணாடியில் விலகுவதால், படச்சுருளை ஒட்டி அமரும் பழைய அகலக் கோண லென்ஸ்களின் படங்கள் ஓரங்களில் குழைகின்றன. லைக்கா இச்சிக்கலைத் தவிர்க்க 2006இல் எம்8 கேமராவின் வடிகட்டியை மிக மெல்லியதாக்கியது. விளைவு, அகச்சிவப்பு ஒளி உட்புகுந்து கருப்புச் செயற்கைத் துணிகள் ஊதா நிறம் காட்டின. உரிமையாளர்களுக்கு லென்ஸின் முன் பொருத்தும் வடிகட்டிகளை நிறுவனம் இலவசமாக வழங்க நேர்ந்தது. தன் லென்ஸ் தன் கேமராவிலேயே இரவலாகிப்போன விந்தை இது.

அடாப்டரின் நேர்த்தியும் ஒரு சிக்கல். மலிவான அடாப்டர்கள் பல, தொலைதூரக் குவியம் தவறிவிடக் கூடாது என்பதற்காக உரிய நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாகச் செய்யப்படுகின்றன. அப்போது லென்ஸின் மீது பொறிக்கப்பட்ட தூர அளவுகள் பொய்யாகும். குவியத்துக்கேற்ப உட்கண்ணாடிகள் தனித்து நகரும் வகை லென்ஸ்களில் தரமே சற்றுக் குறையும். வெற்றுக்குழாய் வழியே செய்தி எதுவும் செல்வதில்லை. எந்த லென்ஸ், எந்தத் துளை என்பது படத்தின் பதிவில் இராது. கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்புக்கு லென்ஸின் குவிய நீளத்தைக் கையால் உள்ளிட வேண்டும்.

இக்குறைகளை வெல்லவும் முயற்சிகள் நிகழ்ந்தன. மெட்டாபோன்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘ஸ்பீட் பூஸ்டர்’, அடாப்டருக்குள் கண்ணாடி வைத்து முழுச் சட்டக லென்ஸின் ஒளியைச் சிறிய சென்சாரில் குவித்தது; கோணம் அகன்றது, ஒளியும் ஒரு படி கூடியது. 2016இல் டெக்கார்ட் நிறுவனம் அடாப்டரையே மோட்டாரால் முன்னும் பின்னும் நகர்த்தி, கைமுறை லைக்கா லென்ஸ்களுக்குத் தானியங்கிக் குவியம் தந்தது.

2018இல் நிக்கானும் கேனனும் முழுச் சட்டக மிரர்லெஸ் களத்தில் இறங்கின. இம்முறை இரு நிறுவனங்களும் தத்தம் பழைய லென்ஸ்களுக்கான அடாப்டரைத் தாமே செய்தன. 1987இன் பாடம் வீண்போகவில்லை. கேனனின் இ.எஃப். லென்ஸ்கள் முழு மின்தொடர்பு கொண்டவை, ஆதலால் ஆர்.எஃப். கேமராக்களில் தானியங்கிக் குவியத்தோடு இயல்பாகவே இயங்கின. அன்று பலரை அநாதையாக்கிய மாற்றமே இன்று தொடர்ச்சிக்குத் துணைநின்றது. மரபைக் காத்த நிக்கானிலோ, தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்கள் எஃப்.டி.இசட். அடாப்டரில் கைமுறைக் குவியத்தோடு நின்றுவிட்டன. வரலாற்றின் நகைமுரண் இத்தகையது.

புதிய வளையங்கள் சொந்த லென்ஸுக்குத் தந்த வலிமையையும் மறுக்கவியலாது. நிக்கான் இசட் வளையத்தின் விளிம்புத் தொலைவு 16 மி.மீ., உட்குறுக்களவு 55 மி.மீ. சென்சாரை நெருங்கி, பெரிய பின்கண்ணாடியை வைக்க இடம் கிடைத்ததால் அகலக் கோண லென்ஸ்கள் ஆடிக்காலத்துச் சுமையைத் துறந்தன. ஓரத் திரிபுகளைக் கேமராவே மென்பொருளால் திருத்துகிறது; அத்திருத்தத்தைக் கருத்தில் கொண்டே லென்ஸ் வடிவமைக்கப்படுகிறது. இங்கே சொந்தம் என்பது வெறும் பொருத்தம் அன்று. லென்ஸும் கேமராவும் சேர்ந்து ஒரே கருவியாதல்.

ஒரே கருவியான பின் அதன் மொழி யாருக்குரியது என்னும் கேள்வி எழுகிறது. 2022இல் வில்ட்ராக்ஸ் நிறுவனம் கேனன் ஆர்.எஃப். வளையத்துக்கான தன் தானியங்கிக் குவிய லென்ஸ்களின் விற்பனையை நிறுத்தியது. காப்புரிமை மீறலே காரணம் எனக் கேனன் தரப்பு விளக்கியது. 2024இல்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று, சிறிய சென்சார் கேமராக்களுக்கான ஆர்.எஃப். லென்ஸ்களை அறிவித்தன. 1950இல் நிப்பான் கோகாக்குவுக்குத் தடையின்றித் திறந்திருந்த கதவு, இன்று உரிமம் என்னும் சாவியால் திறக்கப்படுகிறது.

இவ்வரலாறு தெரிவுக்கு வழி காட்டுகிறது. ஓடும் விலங்கு, திருமண மேடை, நாளிதழ்ப் பணி என நொடி தவறினால் மீளாத தொழிலுக்குச் சொந்த லென்ஸே தகும். மிக அகலக் கோணத்துக்கும் அதுவே. உருவப்படம், அசையாப் பொருள், நிதானமான தெருக்காட்சி ஆகியவற்றுக்குப் பழைய 50, 85, 135 மி.மீ. லென்ஸ்கள் குறைந்த செலவில் நிறைவு தரும். அவை சென்சாரிலிருந்து விலகி அமர்வதால் ஓரக் குழைவும் பெரிதாக இராது. தில்லி சாந்தினி சௌக்கின் கேமராச் சந்தை முதல் கொல்கத்தாவின் மெட்ரோ கலி வரை பழைய லென்ஸ் தேடுவோர் அடாப்டரை விடவும் கண்ணாடியைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பருவமழையின் ஈரத்தில் பூஞ்சை படர்ந்த லென்ஸ் எவ்வளவு மலிவாயினும் நட்டமே. விளக்கொளியில் உயர்த்திப் பார்த்து, சிலந்தி வலை போன்ற இழைகள் இல்லையென உறுதிசெய்த பிறகே விலை பேச வேண்டும்.

1954இல் ஒரு மில்லிமீட்டர் வளையம் பழைய லென்ஸ்களைக் காத்தது. இன்று சோனி லென்ஸை நிக்கான் இசட் கேமராவில் பொருத்தும் அடாப்டருக்குக் கிடைக்கும் இடம் 18க்கும் 16க்கும் இடைப்பட்ட 2 மி.மீ.தான். அவ்விடுக்கிலும் மின்சுற்றை நுழைத்து இரு நிறுவனங்களின் மொழிகளைப் பெயர்க்கும் கருவியைச் செய்துவிட்டார்கள். கேமரா நிறுவனத்தின் ஒரு புதிய மென்பொருள் வந்தால் அந்த மொழிபெயர்ப்பு ஊமையாகிவிடலாம். வெட்ஸ்லார் வளையத்துக்கோ மென்பொருள் இல்லை. எழுபது ஆண்டுகள் கடந்தும் அது திருகினால் பொருந்துகிறது. லென்ஸ் வாங்குவோர் கண்ணாடிக்கு விலை கொடுப்பதாகவே எண்ணுகிறார்கள். அக்கண்ணாடி எத்தனை காலம் பயன்படும் என்பதை அதன் பின்னுள்ள வளையமே தீர்மானிக்கிறது.