முதல் மக்களவையும் ஏலமலை எல்லையும்



போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏறும் மலைச்சாலை, பல கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அங்கே ஒரு சோதனைச் சாவடி, அதற்கப்பால் கேரளம். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் நம்மூர் மக்கள் காலையில் அவ்வெல்லையைக் கடந்து, மாலையில் மீள்கின்றனர். அவ்வெல்லையை நிலைபெறச் செய்த மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956-இல் தில்லியில் நிறைவேறிற்று. அதனை நிறைவேற்றிய முதல் மக்களவையின் அமைப்பு யாது? அதனை இன்று சற்று ஆராய்வோம்.

1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத் தேர்தல் நடைபெற்றது. மக்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் 489. அவற்றுள் காங்கிரஸ் பெற்றவை 364; ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. அக்கட்சிக்குக் கிடைத்த வாக்குகளோ நூற்றுக்கு 45 அளவே! இது எங்ஙனம் நேர்ந்தது? தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்றவரே வென்றவர் என்பது நம் தேர்தல் முறை. எதிர்த்தரப்பு வாக்குகள் பல கூறுகளாகச் சிதறின. சோஷலிஸ்டுக் கட்சி நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாக்குப் பெற்றும் 12 இடங்களே எய்தியது. மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேலே பெற்ற கம்யூனிஸ்டுக் கட்சியோ, தன் வலிமை சில பகுதிகளில் குவிந்திருந்தமையால் 16 இடங்களை அடைந்தது. சுயேச்சைகள் 37 பேர். எந்த எதிர்க்கட்சிக்கும் அவையில் பத்தில் ஒரு பங்கு இல்லை. ஆதலின், முறைப்படி எதிர்க்கட்சித் தலைவர் என ஒருவரும் இல்லை.

அன்றைய சென்னை மாகாணத்தின் நிலை வேறு. 75 இடங்களுள் காங்கிரஸ் பெற்றவை 35 மட்டுமே. நம் பக்கத்துப் பெரியகுளம் தொகுதியில் காங்கிரஸின் சக்திவடிவேல் கவுண்டர் வென்றார். கம்யூனிஸ்டுகளின் 16 இடங்களுள் சரிபாதி இம்மாகாணம் தந்தவையே. உழைப்பாளர் கட்சி 4 இடங்களையும், காமன்வீல் கட்சி 3 இடங்களையும் பெற்றன.

மலைக்கு அப்பால் இருந்தது திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே, தமிழ் வழங்கும் வட்டங்களைச் சென்னையோடு இணைக்க வேண்டுமெனக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மக்களவையில் ஒரே ஓர் இடத்தை வென்றது. நாகர்கோவிலில் வென்ற அவர் நேசமணி. தேவிகுளமும் பீருமேடும் அவர் கோரிக்கையில் அடங்கும். 1954-இல் தடையை மீறி மூணாறு சென்று அவர் கைதானார்.

1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழு, மொழி ஒன்றே அளவுகோல் ஆகாது என்றும், பொருளாதார நலனையும் நோக்க வேண்டும் என்றும் கருதி, மலை வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டைப் பகுதியும் நம்மோடு இணைந்தன; தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன.

489 பேருக்கு நடுவே ஒருவர்! அவர் கட்சி கேட்டதில் பாதி கிட்டியது, பாதி கிட்டவில்லை. அவையில் முடிவு செய்வது எண்ணிக்கையே. ஆயினும், அந்த ஒருவரும் அங்கே இல்லாதிருந்தால், மலைமக்களின் வழக்கை அவர்கள் பெயரால் எடுத்துரைக்க எவருக்கு உரிமை இருந்திருக்கும்? அடுத்த முறை சோதனைச் சாவடியைக் கடக்கும்போது இதனை எண்ணிப் பாருங்கள். வாக்குச்சீட்டின் மதிப்பு விளங்கும்.