ஆறடிக்காரரின் முதல் வண்டி

பையன் ஆறடியைத் தொட்டுவிட்டால் அவனுக்கு எந்த வண்டி வாங்குவது என்று வீட்டில் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பிள்ளைச்சாவடியில் கேட்டாலும் வில்லியனூரிலோ பாகூரிலோ கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த உயரத்துக்கு புல்லட்தான் எடுப்பாக இருக்கும். அவன் வண்டி ஓட்ட இனிமேல்தான் பழகப் போகிறான் என்பது இந்தப் பதிலில் கணக்கிலேயே வருவதில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், உயரத்துக்கும் புல்லட்டுக்கும் முடிச்சுப் போட்டவை ராணுவக் கொள்முதலும் காவல்துறையின் ஆள்தேர்வும் அரசின் தொழில் கொள்கையும்தான் என்று தெரியும். யாரும் கால் நீளத்தை அளந்து இந்த முடிவுக்கு வரவில்லை. புதிதாகப் பழகுகிற உயரமானவருக்கு இது தவறான முடிவு என்பதே என் கட்சி.

உடம்பை அளந்து வண்டி வாங்குகிற வழக்கம் ஒரு காலத்தில் நம்மிடம் இருந்தது. சைக்கிள் அப்படித்தான் விற்றது. 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் சைக்கிளைக் கொடுத்த நாட்களில், கடையில் முதல் கேள்வியே 22 இஞ்சா, 24 இஞ்சா என்பதுதான். நெட்டையானவர் 24 கேட்பார், நடுத்தர உயரக்காரருக்கு 22 போதும். அதற்குப் பிறகும் சீட்டுக் கம்பியை ஏற்றலாம், ஹேண்டில்பாரைத் தூக்கலாம். கால் எட்டாத சிறுவன் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டான். கிராமங்களிலிருந்து புதுச்சேரியின் பஞ்சாலைகளுக்கு ஷிஃப்டுக்குப் போன தொழிலாளி தன் உடம்புக்குப் பொருந்திய வண்டியில் போனார். மோட்டார் சைக்கிள் வந்ததும் இந்த வசதி போயிற்று. ஒரு மாடலை ஒரே அளவில்தான் ஆலை வார்க்கிறது. வாங்குபவர் அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது, மாடலைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த இடத்தில்தான் அளவுக்குப் பதிலாகத் தோரணை வந்து உட்கார்ந்தது.

புல்லட் என்ற பெயரில் ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் வண்டி செய்யத் தொடங்கியது 1932இல். சுதந்திரத்துக்குப் பின் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய அரசு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்து மொத்தமாக வாங்கியது. அந்தத் தேவையை நம்பித்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1954 நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு மாறியிருந்தது. புதிய ஆட்சியின் சின்னங்களோடு, சென்னையில் செய்த இந்த வண்டியும் நம் சாலைகளில் ஏறியது. ஓட்டியவர்கள் யார்? முதலில் ராணுவத்தார், காவல்துறையார். இந்த இரண்டு வேலைக்கும் மார்பளவு, உயரம் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். இன்றும் தமிழ்நாட்டில் காவலர் பணிக்குப் பொதுப் பிரிவு ஆண்கள் குறைந்தது 170 செ.மீ. இருக்க வேண்டும். 1996இல் பிறந்த இந்திய ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 165 செ.மீ. என்று 2016இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆக, சராசரியைவிட உயரமானவர்களைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் கையில் அரசு வாங்கி வைத்திருந்த வண்டியைக் கொடுத்தார்கள். ஊர் பார்த்ததோ உயரமானவர் எல்லாம் புல்லட்டில் போகிறார் என்பதை. காரணத்தையும் விளைவையும் ஊர் மாற்றிப் போட்டுக்கொண்டது. காவல் பணிக்கு உயரம் குறைந்தவர்களையே எடுத்திருந்தாலும் அவர்களுக்கும் இதே வண்டியைத்தான் கொடுத்திருப்பார்கள்.

புல்லட் உயரமான வண்டி என்ற எண்ணமே ஒரு தோற்றப் பிழை. இன்று விற்கும் புல்லட் 350இன் இருக்கை தரையிலிருந்து 805 மி.மீ. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் இருக்கை 785 மி.மீ. மீன்கூடை கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100இன் இருக்கை 787 மி.மீ., அதாவது ஸ்ப்ளெண்டரைவிட ஒரு நூல் அதிகம். மூன்றுக்கும் இடையே இருப்பது இரண்டு சென்டிமீட்டர்தான். எடையைப் பாருங்கள்: புல்லட் 195 கிலோ, ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, எக்ஸ்எல் 90 கிலோவுக்கும் கீழே. புல்லட் தருவது உயரத்தை அல்ல, பாரத்தை. ஆறடி உயரக் கல்லூரி மாணவன் பல நேரம் எழுபது கிலோ கூடத் தேறமாட்டான். அவனுக்குக் கால் நீளம் இருக்கிறது. நின்ற இடத்தில் ஒரு பக்கமாகச் சாயும் 195 கிலோவைத் தாங்குகிற பழக்கம் இன்னும் வரவில்லை. முதல் ஆறு மாதத்தில் வண்டி சாய்வது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. யூ டர்ன் அடிக்கும்போதும் பெட்ரோல் பங்க்கில் தள்ளும்போதும் மணலில் ஸ்டாண்டு போடும்போதும்தான் சாய்கிறது.

பழைய புல்லட் இதற்கும் மேலே ஒரு பாடத்தைக் கேட்டது. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, பிறகு லீவரை விட்டு ஒரே மிதி. தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ராஜ்தூத்திலும் பின்னால் வந்த ஜப்பானிய வண்டிகளிலும் இது நேர் எதிர். புல்லட்டில் பழகியவர் வேறு வண்டியில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். இத்தனைக்கும் பெரியவர்கள் பலர் புல்லட்டிலேயே பழகினார்களே என்று கேட்கலாம். பழகினார்கள்தான். அன்று சாலையில் எதிரே வந்தவை மாட்டு வண்டியும் சைக்கிளும் எப்போதாவது ஒரு பஸ்ஸும். சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களின் கடைசியில் அகன்றபின், பிள்ளைச்சாவடித் தெருவிலிருந்து வெளியே வரும் பையன் ஏறுவது சனி, ஞாயிறுகளில் கார் பறக்கும் சாலையில். அன்றைய தவறுக்குக் கிடைத்த மன்னிப்பு இன்று கிடைக்காது.

மறுமுனையில் இருந்த வண்டிகளும் உயரமானவரை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பிரான்ஸின் மோட்டோபெகான் தொழில்நுட்பத்தில் திருப்பதியில் செய்த சுவேகா, 1972இல் வந்த லூனா, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆகியவைதான் பல குடும்பங்களின் முதல் மோட்டார் வண்டி. சட்டமும் அந்தப் பக்கம் தள்ளியது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் உரிமம் வேண்டுமென்றால் 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிதான். 1980களின் தொடக்கத்தில் அரசு வெளிநாட்டுக் கூட்டுக்குக் கதவைத் திறந்தபோதும் 100 சிசி வரை என்ற வரம்போடுதான் திறந்தது. இந்த் சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ் என வந்ததெல்லாம் நூறு சிசியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். சிடி 100உம் ஆர்எக்ஸ் 100உம் 1985இல் வந்தன. அதே ஆண்டில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் உருவானது. பிள்ளைச்சாவடியில் பொறியியல் கல்லூரி வந்ததும் 1980களின் நடுவில்தான். ஆக, இந்தக் கரையில் மாணவர் கூட்டம் குடியேறிய காலமும் நூறு சிசி காலமும் ஒன்று. அந்த வண்டிகள் மைலேஜுக்கும் சராசரி உடம்புக்கும் செய்யப்பட்டவை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடிக்காரர் ஏறினால் முழங்கால் டேங்குக்கு மேலே எழும்பி நின்றது, அவ்வளவுதான். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் அப்போதே சொல்லி வைத்த மருந்து, புல்லட்.

உரிமத் தேர்வு நடக்கும் மைதானத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. வீட்டில் புல்லட் நின்றாலும் எட்டுப் போட வருகிறவர் பக்கத்து வீட்டு டிவிஎஸ்ஸையோ ஸ்கூட்டியையோ இரவல் வாங்கி வருவார். கால் ஊன்றாமல் எட்டைச் சுற்றி முடிக்கக் கனமான வண்டி உதவாது என்று அவருக்கே தெரியும். தேர்வுக்கு ஒரு வண்டி, தெருவுக்கு ஒரு வண்டி என்ற இந்த ஏற்பாட்டில், எந்த வண்டி பழகுவதற்கு ஏற்றது என்ற கேள்விக்கு ஊரே பதில் சொல்லிவிடுகிறது. அந்த மைதானம் இன்னொன்றையும் காட்டுகிறது: நெட்டையானவர் மொபெடில் எட்டுப் போட்டால் ஹேண்டில்பார் திரும்பும்போது முழங்காலில் இடிக்கும். அவருடைய உண்மையான சிக்கல் இதுதான். குட்டையானவருக்குக் கால் தரையில் எட்டுமா என்பது கவலை. நெட்டையானவருக்கு எட்டுவது உறுதி. காலை மடக்கி வைக்க இடம் இருக்கிறதா என்பதே கவலை. இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம், ஹேண்டில்பாரின் அகலமும் உயரமும், டேங்கில் முழங்கால் அணையும் பள்ளம், இந்த மூன்றும்தான் அவருக்கான அளவுகள். இவற்றில் முதல் அளவை எந்த விளம்பரமும் அச்சிடுவதில்லை. சிசியை மட்டும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், நாமும் அதைத்தான் படிக்கிறோம்.

உயர்ந்த இருக்கையும் குறைந்த எடையும் சேர்ந்த வண்டி நம் சந்தைக்கு வந்ததே தாமதம். ஹீரோ 2011இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியை இறக்கியது. மண் பாதைக்கு ஏற்ற, உயர்ந்து நின்ற வண்டி அது. சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. சராசரி உயரக்காரருக்கு அது எட்டவில்லை. எட்டியவர்களுக்கு அது புல்லட்டாக இல்லை. 2016இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது. பெயருக்கு மலைவண்டி என்றாலும் இருக்கை 800 மி.மீ.தான், எடையோ புல்லட்டோடு போட்டி போட்டது. 2019இல் வந்த ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200தான் கணக்கை மாற்றியது: இருக்கை ஏறக்குறைய 825 மி.மீ., எடை 160 கிலோவுக்குள், அகலமான ஹேண்டில்பார். குப்பத்து மணலிலும் ஏரிக்கரை மண்ணிலும் காலை ஊன்றி நிமிர்த்திக்கொள்ள முடிகிற வண்டி. அவ்வளவு செலவு செய்ய முடியாதவருக்கு 2004இலிருந்து இருக்கும் ஹோண்டா யூனிகார்ன் இருக்கிறது. இருக்கை 798 மி.மீ., எடை 140 கிலோ சுமார், ஆர்ப்பாட்டம் இல்லாத எஞ்சின். 800 மி.மீ. இருக்கையுள்ள அப்பாச்சி 160 4வி இன்னொன்று. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். மணல் சிதறிய தாரில் பதறி முன்பிரேக்கைப் பிடிக்கும் புதியவருக்கு அது பெரிய காவல். நூறு சிசி வண்டிக்கு அடுத்த படியை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புல்லட்டுக்காகச் சொல்லப்படுவதில் ஒரு வாதத்துக்கு வலு உண்டு. அதன் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும், கிளட்சை விடும்போது அணையாது, எகிறிப் பாயாது. பழகுபவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். எஞ்சினைப் பற்றி இது முழு உண்மை. இன்றைய புல்லட்டில் கியர் இடப்பக்கம் வந்துவிட்டது, செல்ஃப் ஸ்டார்ட்டும் இருக்கிறது, பழைய குறைகளில் பாதி போய்விட்டன. எடை மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. எஞ்சினின் சாந்தம் வண்டி ஓடும்போதுதான் உதவும். சாயும்போது உதவுவது எடைக்குறைவு மட்டும்தான். ஓராண்டு இலகுவான வண்டியில் கை பழகியவர் பிறகு புல்லட்டுக்குப் போனால் அந்த எஞ்சினின் நல்ல குணம் முழுவதையும் அனுபவிப்பார்.

எடுப்பு என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. அதை அற்பமென்று தள்ளிவிட முடியாது. மாப்பிள்ளைச் சீரில் புல்லட் கேட்கும் ஊரில் வண்டி ஒரு சமூகப் பத்திரம். தமிழ்நாட்டைவிடப் பெட்ரோலும் சாலை வரியும் குறைவாக இருந்த புதுச்சேரியில் பெரிய வண்டி வாங்கத் தயக்கமும் குறைவு. ஆனாலும் தோரணை மாறக்கூடியது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2001இல் பல்சர் வந்தது. 2007இல் வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ ஒரு கறுப்புப் பல்சரைக் கதையின் நடுவில் வைத்தது. ஒரு தலைமுறைக்கு எடுப்பு என்றால் அதுவாயிற்று. எடுப்பு எது என்று சினிமாவும் சந்தையும் பத்தாண்டுக்கு ஒருமுறை முடிவு செய்கின்றன. தொடை எலும்பின் நீளம் மாறுவதில்லை.

ஆகவே ஷோரூமுக்குப் போகிற நெட்டைப் பிள்ளைகளுக்கும் உடன் போகிற அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். விலையைக் கேட்குமுன் வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்துப் பாருங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, முழங்காலில் இடிக்கிறதா என்று பாருங்கள். கீழே இறங்கி, சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்திப் பத்தடி பின்னால் தள்ளுங்கள். இருக்கை மட்டும் தாழ்வாக இருந்தால் சீட் கவர் தைக்கும் கடையில் ஃபோம் வைத்து ஒரு விரற்கடை ஏற்றிக்கொள்ளலாம், ஹேண்டில்பாருக்கு ரைசர் போட்டுக்கொள்ளலாம். 195 கிலோவை எந்தக் கடையிலும் குறைத்துத் தரமாட்டார்கள்.