அகவிலைப்படிக்குள் இருக்கும் நெல்

அலுவலகத்தில் ‘டி.ஏ.’, மில் தொழிலாளி வாயில் ‘பஞ்சப்படி’, அரசாணையில் ‘அகவிலைப்படி’. மூன்றும் ஒன்றுதான். இவற்றில் பழைய சரக்கு அரசாணைச் சொல்லில்தான் இருக்கிறது. அகவிலை என்றால் தானிய விலை. அஃகம் என்பது தானியத்தின் பழைய பெயர். ஆத்திசூடியில் ஆய்த எழுத்துக்கு ஔவையார் எடுத்துக்கொண்டதும் இந்தச் சொல்லைத்தான். தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்கிறார். படியோ தானியம் அளக்கும் கருவி. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். ஆக, சொல்லின் முன்பாதியிலும் பின்பாதியிலும் நெல்தான் இருக்கிறது.

அளவையின் பெயர் சம்பளத்தில் ஏறியதற்குக் காரணம், சம்பளமே ஒரு காலத்தில் அளந்து போடப்பட்டதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல் மகளிர், 400 பேர். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கல்வெட்டு அதோடு விடவில்லை. ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளக்கவேண்டும், அது இராஜகேசரி மரக்காலோடு ஒக்கும் என்பதையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். மரக்கால் சிறுத்தால் சம்பளமும் சிறுக்கும் என்று தெரிந்தவர்களின் வேலை அது.

இதே படிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. மதுரையில் மார்கழி அஷ்டமிச் சப்பரத்தன்று சுவாமியும் மீனாட்சியும் உலகுக்குப் படியளக்கப் புறப்படுகிறார்கள். வழியெங்கும் அரிசி தூவப்படும். பொறுக்கிய மணிகளை வீட்டு அரிசிப் பானையில் போட்டுவைப்பார்கள். அங்கே படி என்பது அருள். முதலாளியைப் ‘படியளக்கிறவர்’ என்று சொல்லும் வழக்கில் இந்த அருள்வாடைதான் வீசுகிறது. அகவிலைப்படி அறிவிப்பைப் பத்திரிகைகள் ‘தீபாவளிப் பரிசு’ என்று எழுதுவதிலும் அதே வாடை. எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஏனென்றால் அகவிலைப்படி கணக்குப் பார்த்துத் தரப்படும் தொகை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விலைவாசி ஏறியபோது குறைந்த சம்பளக்காரர்களுக்குக் கொடுத்ததற்கு, உணவு விலையேற்றப் படி என்ற பொருளிலேயே ஆங்கிலத்திலும் பெயர் இருந்தது. இன்று தொழிலாளர் பணியகம் நாடெங்கும் 88 மையங்களில் விலை சேகரித்துக் குறியீட்டெண் வெளியிடுகிறது. அதில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 39.17 விழுக்காடு எடை. பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்து ஜனவரியிலும் ஜூலையிலும் மத்திய அரசின் படி மாறும்.

2024 ஜனவரியில் அது 50 விழுக்காடு. அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் படி 9,000. இந்தக் கணக்கு தொடங்கிய 2016-இல் 18,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானை 2024 ஜனவரியில் வாங்க 27,000 வேண்டும் என்பதுதான் அந்த 9,000-இன் பொருள். கையில் கூடுதலாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. 2020-இல் கொரோனாவைக் காட்டி மூன்று தவணைகளை நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் 17 விழுக்காட்டிலிருந்து 28-க்கு உயர்த்தினாலும், இடைப்பட்ட 18 மாத நிலுவை வரவில்லை. கடையில் விலை அந்த 18 மாதமும் காத்திருக்கவில்லை.

இந்த அளவாவது கிடைப்பவர்கள் நிரந்தர ஊழியர்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொகுப்பூதியம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர்களின் சம்பளத்தில் படி என்ற இனமே கிடையாது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அவர்களுக்கு ஒரு ரூபாய் கூட வேண்டுமென்றால் அரசு தனியாக ஆணை போடவேண்டும். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து போராடியிருக்கிறார்கள்.