ஃபயர் போல்ட்டுக்கு ஒரு நியாயம்

மூன்றிலிருந்து ஆறு வரை. ஃபயர் போல்ட்டின் ஆரம்பச் சம்பளம் அவ்வளவுதான்.

ரூபாய்க் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது அடிக் கணக்கு. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு மந்திரக்காரி எறிகிற சின்ன நெருப்புத் துண்டுக்கு ஃபயர் போல்ட் என்று பெயர். எதிரே வரும் பிசாசின் மேல் பட்டால் அதன் உயிரில் மூன்றோ, நாலோ, அதிகபட்சம் ஆறோ குறையும். ஆட்டத்தின் ஆரம்பத்தில் அதுதான் பெரிய ஆயுதம். அப்புறம்? பத்தாம் கிளாஸில் வாங்கிக் கொடுத்த சைக்கிள் மாதிரி. வீட்டில் இருக்கும், யாரும் ஓட்டமாட்டார்கள்.

இந்தச் சைக்கிளைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர, அதைச் செய்த கம்பெனிக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 'விளையாட்டுதானே, இதில் என்ன சரித்திரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மெலிந்தவனைத் தூக்கிவிட வேண்டும், அதே சமயம் வலுத்தவனின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளக்கூடாது. பட்ஜெட் போடுகிற மந்திரிகளே திணறுகிற சமாசாரம் இது.

விளையாட்டின் பெயர் டயாப்ளோ 2. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் மேட்டியோ நகரில் இருந்த பிளிஸ்ஸார்ட் நார்த் என்ற நிறுவனம் செய்தது. டேவிட் பிரெவிக், மேக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர் என்று மூன்று பேர் 1993-ல் காண்டோர் என்ற பெயரில் ஆரம்பித்த சின்னக் கம்பெனி, பிறகு பிளிஸ்ஸார்டின் கைக்குப் போய்ப் பெயர் மாறியது. 2000-ம் ஆண்டு ஜூன் 29-ம் தேதி டயாப்ளோ 2 வெளிவந்தது. இரண்டே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது.

ஆக்‌ஷன் ரோல் ப்ளேயிங் கேம் என்பது இதன் ஜாதி. ஒரு வீரனையோ வீராங்கனையையோ தேர்ந்தெடுத்துக்கொள்கிறீர்கள். பிசாசுகளை அடித்து வீழ்த்தினால் அனுபவம் கூடும். அனுபவம் கூடினால் லெவல் ஏறும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பாயிண்ட் கூலி. அந்தப் பாயிண்ட்டைக் கொடுத்துப் புது வித்தை கற்றுக்கொள்ளலாம், அல்லது தெரிந்த வித்தையையே இன்னும் கூர்தீட்டிக்கொள்ளலாம்.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் இது சுத்தமான முதலீட்டுக் கணக்கு. 99-வது லெவல் வரை ஏறினால் 98 பாயிண்ட். சில பணிகளை முடித்தால் 12 போனஸ். ஆக, ஒரு ஜென்மத்துக்கு மொத்த முதல் 110. ஒரு வித்தையில் அதிகபட்சம் 20 போடலாம். ஒவ்வொரு வீரனுக்கும் 30 வித்தைகள். எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது. முதல் லெவலில் சில, அப்புறம் 6, 12, 18, 24, 30 என்று படிப்படியாகக் கதவு திறக்கும்.

சிக்கல் இந்தப் படிகளில்தான் இருந்தது.

மந்திரக்காரிக்கு முதல் லெவலிலேயே ஃபயர் போல்ட் கிடைத்துவிடும். பன்னிரண்டாவது லெவலில் ஃபயர் பால். போல்ட் ஒரு பிசாசை மட்டும் சுடும். பால் போய் விழுந்த இடத்தில் வெடித்து, பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்துச் சுடும். 24-வது லெவலில் மீட்டியார். வானத்திலிருந்து எரிகல்லே வந்து விழும். எரிகல் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு தீக்குச்சியில் யாராவது முதலீடு செய்வார்களா?

செய்யவில்லை. ஃபயர் பாலுக்குப் போக ஃபயர் போல்ட் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. அதற்காக ஒரே ஒரு பாயிண்ட். நுழைவுச் சீட்டு வாங்குகிற மாதிரி. அத்தோடு சரி.

மிச்சப் பாயிண்ட்களை என்ன செய்தார்கள்? பதுக்கினார்கள். 18-வது லெவல் வரட்டும், 24 வரட்டும், 30 வரட்டும் என்று செலவே செய்யாமல் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவைத்தார்கள். கை நிறையப் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு, மொக்கை வித்தைகளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அது கஞ்சத்தனம் இல்லை, பயம். போட்ட பாயிண்ட்டைத் திரும்ப எடுக்க அப்போது வழியே கிடையாது. தவறான வித்தையில் போட்டால் போட்டதுதான்.

இப்படியாக, படைத்தவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வித்தைகளில் பாதிக்கு மேல் வெறும் படிக்கட்டாகிப் போயின. எல்லா மந்திரக்காரிகளும் கடைசியில் 30-வது லெவலின் ஃப்ரோஸன் ஆர்ப் என்ற பனி உருண்டையில் வந்து நின்றார்கள். எல்லா பார்பேரியன்களும் வேர்ல்விண்ட் என்று பம்பரமாகச் சுற்றினார்கள்.

சரி, ஃபயர் போல்ட்டின் அடியைக் கூட்டிவிட்டால் போச்சு, இதென்ன பிரமாதம் என்று தோன்றும். அங்கேதான் இருக்கிறது வில்லங்கம்.

மூன்றிலிருந்து ஆறு என்பதை முப்பதிலிருந்து அறுபது என்று மாற்றினால், ஆட்டத்தின் முதல் பிசாசுகள் கொசு மாதிரி செத்துவிழும். புதிதாக ஆட வருகிறவனுக்குச் சவாலே இருக்காது. ஆரம்பத்தில் அப்படியே விட்டுவிட்டு, போகப் போக நிறையக் கூட்டலாமா? அப்படியானால் ஃபயர் பால் எதற்கு, மீட்டியார் எதற்கு? ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டம் வேறு இருக்கிறது. அங்கே இந்தத் தீக்குச்சி என்ன கலவரம் செய்யுமோ. ஓர் எண்ணைத் தொட்டால் அது இன்னும் நாலு எண்களை இழுத்துக்கொண்டு வரும்.

இன்னொரு வழி சுலபமானது. வலுத்தவனின் கையை முறிப்பது. விளையாட்டுக்காரர்கள் பாஷையில் இதற்கு 'நெர்ஃப்' என்று பெயர். நெர்ஃப் என்பது பஞ்சு மாதிரி மெத்தென்ற பொம்மைகளை விற்கும் பிராண்ட். 1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டில் வாள்களின் வலுவைக் குறைத்தபோது, 'எங்கள் கையில் நெர்ஃப் வாளைக் கொடுத்துவிட்டார்கள்' என்று ஆட்டக்காரர்கள் புலம்பியதில் பிறந்த வார்த்தை என்று சொல்வார்கள். புலம்பலில் பிறந்த வார்த்தை இன்றைக்கும் புலம்பலுக்குத்தான் பயன்படுகிறது. உழைத்துச் சேர்த்தவனிடமிருந்து பிடுங்கினால் வேறென்ன வரும்?

2001 ஜூனில் டயாப்ளோ 2-க்கு ஒரு விரிவாக்கம் வந்தது. அதே ஆகஸ்டில் 1.09 என்ற பேட்ச். பேட்ச் என்றால் ஒட்டு. இண்டர்நெட் வழியாக வந்து விளையாட்டோடு ஒட்டிக்கொள்ளும் திருத்தம். அடுத்த பெரிய ஒட்டான 1.10-க்கு ரசிகர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். இதற்கிடையே உள்ளே பூகம்பம். தாய் நிறுவனமான விவெண்டியோடு மனஸ்தாபம் முற்றி, 2003 ஜூன் 30 அன்று பிரெவிக், ஷேஃபர் சகோதரர்கள், பில் ரோப்பர் என்று தலைகள் எல்லாம் மொத்தமாக வெளியேறினார்கள்.

வீட்டைக் கட்டியவர்கள் போன பிறகு, 2003 அக்டோபர் 28-ம் தேதி 1.10 வெளிவந்தது. அதில்தான் ஃபயர் போல்ட்டுக்கு விடிவுகாலம். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'சினர்ஜி'.

ஐடியா எளிமையானது. ஃபயர் போல்ட்டின் ஆரம்பச் சம்பளத்தை யாரும் உயர்த்தவில்லை. அதே மூன்றிலிருந்து ஆறுதான். அதன் உறவுமுறையை மாற்றினார்கள். ஃபயர் போல்ட்டில் போடும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஃபயர் பாலின் அடி 14 சதவிகிதம் கூடும். மீட்டியாரில் போடும் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு 14. பதிலுக்கு ஃபயர் பாலும் மீட்டியாரும் ஃபயர் போல்ட்டுக்குத் தலா 16 சதவிகிதம் கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போல்ட்டில் 20 பாயிண்ட் என்றால் 280 சதவிகிதம். மீட்டியாரில் 20 என்றால் இன்னொரு 280. நூறு அடித்த ஃபயர் பால் இப்போது 660 அடிக்கும். ஏழாம் பொருத்தமாக இருந்த தீக்குச்சிக்கும் எரிகல்லுக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள்!

இதில் ஒரு கெட்டிக்காரத்தனமான பூட்டும் இருந்தது. மந்திர மோதிரம், கிரீடம் என்று மாட்டிக்கொண்டால் வித்தைகளின் லெவல் இரவலாகக் கூடும். அந்த இரவல் லெவல் சினர்ஜிக்குச் செல்லாது. சொந்தப் பாயிண்ட் மட்டும்தான் செல்லும். இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், அடகு வைக்க முடியாது. அந்த மாதிரி.

பதுக்கல் ஒரே நாளில் ஒழிந்தது. முதல் லெவலிலேயே ஃபயர் போல்ட்டில் தைரியமாகப் பாயிண்ட் போடலாம். இன்றைக்கு அது உதவும், நாளைக்கு ஃபயர் பாலுக்கு வட்டியாக வரும். காசு புழக்கத்துக்கு வந்துவிட்டது.

சுபம் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

கூட்டுக்குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்வார். தம்பி அந்தக் காசில் படித்துப் பெரிய ஆளாவார். குடும்பம் முன்னுக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது. அண்ணன் முன்னுக்கு வந்தாரா?

1.10-க்குப் பிறகு ஃபயர் போல்ட்டில் 20 பாயிண்ட் போட்டவர்களில் பெரும்பாலோர் அதை எடுத்து அடிக்கவில்லை. ஃபயர் பாலைத்தான் அடித்தார்கள். பிணங்களை எழுப்பும் நெக்ரோமான்ஸரின் கதை இன்னும் பரிதாபம். எலும்புச் சுவர், எலும்புச் சிறை என்று எதிரியைத் தடுக்கிற இரண்டு நல்ல வித்தைகள். எலும்பு ஈட்டிக்கு வலுச் சேர்க்க அவற்றில் இருபது இருபதாகக் கொட்டினார்கள். சுவரை எழுப்பியவர்கள் எத்தனை பேர்? மெலிந்த வித்தைக்கு மதிப்புக் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 99-வது லெவலை எட்டுகிறவர்கள் அபூர்வம். 85-வது லெவல்காரர் கையில் 96 பாயிண்ட்தான் இருக்கும். போல்ட், பால், மீட்டியார், ஃபயர் மாஸ்டரி நான்குக்கும் 80 போய்விட்டால் மிச்சம் 16. 'நரகம்' என்ற கடைசிக் கட்டத்தில் நெருப்பே சுடாத பிசாசுகள் கூட்டமாக வரும். அவற்றின் முன்னால் இந்த மந்திரக்காரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். முன்பு எல்லோரும் ஒரு வித்தைக்கு அடிமை. இப்போது ஒரு வித்தைக் குடும்பத்துக்கு அடிமை.

வலுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பாலடின் என்ற புனித வீரனிடம் பிளெஸ்ட் ஹாமர் என்று ஒரு வித்தை. சுருள் சுருளாகச் சுற்றிப் பறக்கும் சுத்தியல்கள். இதற்கும் இரண்டு சினர்ஜி கிடைத்தது, ஒவ்வொன்றும் 14 சதவிகிதம். கூடவே, எந்த வீரனுக்கும் கண்மூடித் திறப்பதற்குள் இடம் மாறும் சக்தியைத் தரும் எனிக்மா என்ற கவசமும் இதே பேட்சில் வந்தது. இரண்டும் சேர்ந்ததும் சுத்தியல் பாலடின்கள் ஊரையே வளைத்துப் போட்டுவிட்டார்கள். மெலிந்தவனுக்கு மருந்து வாங்கப் போய், பக்கத்து வீட்டுப் பயில்வானுக்கும் ஒரு பாட்டில் கொடுத்த கதை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அநியாயம் பழைய ஆட்டக்காரர்களுக்கு நடந்தது. 1.10-ல் நரகக் கட்டத்துப் பிசாசுகளின் உயிர் பலமாகக் கூட்டப்பட்டது. புது விதிப்படி பாயிண்ட் போட்டவர்கள் சமாளித்தார்கள். பழைய விதியை நம்பி, நாலு இடத்தில் பிரித்துப் போட்டவர்கள் செத்துச் செத்து விழுந்தார்கள். வருஷக்கணக்கில் வளர்த்த வீரன் ஒரே இரவில் செல்லாக்காசு. விதி மாறியது, முதலீடு திரும்பவில்லை. எல்லோரும் முதலிலிருந்து சமமாக ஆரம்பிக்க 'லேடர்' என்று தனிக்களம் திறந்தார்கள். அதாவது, 'புதிதாக வளர்த்துக்கொள்' என்றார்கள்.

பிளிஸ்ஸார்ட் நார்த்தையே 2005 ஆகஸ்டில் இழுத்து மூடிவிட்டார்கள். திருத்தம் வந்தது 2010 மார்ச்சில், 1.13 பேட்சில். விளையாட்டின் முதல் ஊரில் அகாரா என்று ஒரு மூதாட்டி உண்டு. முதல் பணியை முடித்துவிட்டு வந்தால் ஒரு பாயிண்ட் கொடுப்பார். இனிமேல், போட்ட பாயிண்ட் எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பியும் கொடுப்பார் என்று ஆக்கினார்கள். ஆட்டத்தின் மூன்று கட்டங்களுக்கும் கட்டத்துக்கு ஒரு தடவை. முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் விதியை மாற்றியிருக்கலாம். ஆறு வருஷத்துக்கு மேல் தலைகீழாகப் போய்விட்டது.

பாடம் படித்தார்களா என்றால், படித்தார்கள். 2021 செப்டம்பரில் இதே விளையாட்டு புது மெருகோடு மறுபடி வந்தது. 2022 ஏப்ரலில் 2.4 பேட்ச். பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வித்தைகளின் எடையில் கைவைத்த முதல் திருத்தம். இந்தத் தடவை ஜனவரியிலேயே ஒரு சோதனைக் களத்தைத் திறந்து, ஆட்டக்காரர்களையே ஆடிப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வலுத்தவர்களை வெட்டுவதைவிட, ட்ரூயிடின் நெருப்பு வித்தைகள், அசாஸினின் சண்டைக் கலைகள் என்று மூலையில் கிடந்தவற்றைத் தூக்கிவிடுவதில்தான் கவனம். ஒன்றைப் பயன்படுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு மற்றவையும் முடங்கும் என்றிருந்த பழைய கட்டையும் அவிழ்த்தார்கள். அதாவது, மெலிந்த வித்தைக்கு அண்ணன் வேலை கொடுக்காமல், அதை நேரடியாகக் களத்தில் இறக்கினார்கள்.

ஃபயர் போல்ட்டின் கதையில் எண்களைவிட முக்கியமானது வரிசை. முதலில், எதைத் தொட்டால் யார் விழுவார்கள் என்று நாலு பேரை விட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். அடுத்து, நம்பிப் பணம் போட்டவனுக்குத் திரும்ப எடுக்க வழி வைக்க வேண்டும். கடைசியில்தான் விதியில் கைவைக்க வேண்டும்.

விளையாட்டில் இதைத் தப்பாகச் செய்தால் கொஞ்சம் பிசாசுகள் தப்பிக்கும். வெளியே செய்தால்?